இரு இழைகளுக்கிடையே

கைவினை பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரிய ஆக்கங்களையே எடுத்துக்கொள்வர். கோபுரம், தேர், செப்புத் திருமேனி, நெய்த சேலை என்பனவே அவர்தம் கண்ணிற் படுவன. உள்ளங்கையில் வைத்து ஊதினாற் பறந்துவிடும் ஒரு சிறு பொருளை ஆக்குவதற்கும் பல நூற்றாண்டுகளின் அறிவு வேண்டியிருக்கலாம் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ட்ரவுட், சமன் ஆகிய மீன்களைப் பிடிப்பதற்கெனக் கட்டப்படும் செயற்கை ஈ அத்தகைய பொருள்களுள் ஒன்றாகும். ஒரு கொக்கி, சிறிது நூல், சிறிது உரோமம், ஓர் இறகு: இவ்வளவே அதன் மூலப்பொருள்கள். எனினும், அந்த உரோமத்தை நூலிற் பிணைப்பது எவ்வாறு என்ற ஒரே வினா, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கலைஞரின் சிந்தனையைப் பற்றி நின்றிருக்கிறது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் மிக நுட்பமானது 'டப்பிங் கண்ணி' எனப்படும் முறை. அதனை ஆராய்வது கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவை ஆராய்வதாகவும் அமைகிறது.

தூண்டில் தமிழருக்குப் புதியதன்று. சூதிற் பெறும் வெற்றியை இரை என மயங்கி மீன் விழுங்கும் தூண்டில் இரும்புக்கு வள்ளுவர் ஒப்பிட்டமை யாவரும் அறிந்ததே. ஆங்கு இரும்பு இரையினுள் மறைந்திருக்கிறது. இறாலோ புழுவோ மீனுக்கு உண்மையான உணவே. பொய்யாவது அதனுள் இருக்கும் கொக்கி மட்டுமே. ஈத்தூண்டிலின் நிலை வேறு. ஈண்டு உணவென எதுவுமே இல்லை. மீன் கண்டு மயங்குவது ஒரு தோற்றத்தை. நீரில் மிதந்தோ அமிழ்ந்தோ வரும் ஒரு பூச்சியின் சாயலை. மணத்தாலும் சுவையாலும் ஆகவேண்டியதை உருவமும் நிறமும் அசைவுமே செய்து முடித்தல் வேண்டும். ஆகவே ஈ கட்டுவோன் பூச்சியியலும் ஒளியியலும் ஓரளவு அறிந்தவனாக இருத்தல் இன்றியமையாததாகிறது. அவன் அவற்றை நூலிற் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆற்றங்கரையில் நின்று கண்டிருந்தாற் போதும்.

இக்கலையின் தொன்மைக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்பார் விலங்குகளின் இயல்பு பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய நூலாகும். உரோமைச் சேர்ந்த அவர், மசிடோனியாவில் ஓர் ஆற்றில் வாழும் புள்ளித்தோல் மீன்களைப் பற்றி அதிற் கூறுகிறார். அம்மீன்கள் நீரின்மேற் பறக்கும் ஒருவகை ஈயை விரும்பி உண்டன. மீனவர் அவ்வீயையே பிடித்து இரையாக்க இயலவில்லை. மனிதக் கை பட்ட அளவில் அது நிறமிழந்து, சிறகு வாடி, மீனுக்கு வேண்டாப் பொருளாகிவிட்டது. ஆகவே அவர்கள் கொக்கியைச் சுற்றிச் செந்நிறக் கம்பளி மயிரைச் சுற்றினர். அதன்மேல் சேவலின் இறகு இரண்டைப் பொருத்தினர். உயிருள்ளதைத் தொட்டால் அது கெடும். ஆதலால் அதன் போலியை ஆக்கினர். இக்கலையின் தோற்றுவாய் இந்த இயலாமையிலேயே இருக்கிறது எனலாம். இங்கேயே உடலுக்குக் கம்பளியும் சிறகுக்கு இறகும் என்ற பங்கீடு அமைந்துவிட்டமையும் நோக்கத்தக்கது.

1496ஆம் ஆண்டில் விங்கின் டி வேட் என்னும் அச்சகத்தார் இங்கிலாந்தில் வெளியிட்ட நூலொன்றில் தூண்டிலிடுதல் பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் பெண் துறவி இயற்றியதாக அது வழிவழியாகக் கூறப்பட்டு வந்தது. அக்கூற்றைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். அதில் பன்னிரண்டு ஈக்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றின் உடல் கம்பளியால் ஆனது. நூலின்மேல் உரோமத்தை ஏற்றி உடலமைக்கும் செயலை ஆங்கிலேயர் 'டப்' என்ற சொல்லாற் குறித்தனர். அதற்குப் பயன்படும் உரோமமே 'டப்பிங்' ஆயிற்று. திரைப்படத்திற்குக் குரல் கொடுக்கும் டப்பிங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஐசாக் வோல்ற்றனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653இல் வெளிவந்தது. 1676ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு அவருடைய இளைய நண்பர் சாள்ஸ் கொற்றன் இரண்டாம் பகுதியொன்றை எழுதிச் சேர்த்தார். அதில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஈ கட்டும் ஆசான் தம் விருந்தினனிடம் ஒரு பிடி உரோமத்தைக் காட்டி, இது எப்படி இருக்கிறது என்று வினவுகிறான். கருமையாக இருக்கிறது என்கிறான் விருந்தினன். கதவண்டை சென்று, கண்ணுக்கும் ஞாயிற்றுக்கும் இடையே பிடித்துப் பார் என்கிறான் ஆசான். அவ்வாறு பார்க்கும்போது அது ஒளிவீசும் செந்நிறமாகத் தோன்றுகிறது. மேலிருந்து பார்க்கும் மனிதன் காண்பது வேறு, கீழிருந்து வானை நோக்கி அண்ணாந்து பார்க்கும் மீன் காண்பது வேறு என்னும் உண்மை இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. உரோமத்தின் சிறப்பு அதன் நிறத்தில் மட்டுமன்று, ஒளியைத் தன்னூடே விடும் தன்மையிலும் உள்ளது. நூலை நெருக்கமாகச் சுற்றினால் ஒளி புகாத் தடியொன்றே கிடைக்கும். உரோமத்தைத் தளர்வாக நிறுத்தினால் ஒளிபுகும் மெல்லுடல் கிடைக்கும். பூச்சியின் உடலோ பின்னதையே ஒத்தது.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. வழக்கமான முறையிலே, மெழுகு தடவிய ஒற்றை நூலின்மேல் சிறிது உரோமத்தை வைத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரே திசையில் உருட்டுவர். உரோமம் நூலைச் சுற்றிப் படிந்து மெல்லிய திரியாகும். அதனைக் கொக்கியின் தண்டிற் சுற்றினால் உடல் அமைந்துவிடும். மிதக்கும் ஈக்களின் மெல்லிய, சீரான உடலுக்கு இம்முறையே இன்றும் சாலப் பொருத்தமானது. ஆனால், உருட்டுதல் என்பது இழைகளை நூலோடு ஒட்டப் படியவைக்கும் செயலாகும். படிந்தபின் அவை எழுந்து நிற்பதில்லை. முயலின் காதிலும் முகத்திலும் உள்ள குறுகிய விறைத்த மயிரை இவ்வாறு உருட்டினால் ஒன்றில் அது நூலிற் பற்றாமல் உதிரும். அன்றேல் தன் விறைப்பை இழந்து அமிழும். வழுக்கும் தன்மையும் முரட்டுத்தன்மையும் கொண்ட நீர்நாய், கடல்நாய் உரோமங்களும் அவ்வாறே இடர் தருவன. மேலும், ட்ரவுட்டின் வாயில் கூரிய சிறு பற்கள் உண்டு. ஒற்றை நூலில் வெறும் மெழுகாற் பற்றி நின்ற உரோமம் இரண்டொரு மீன்களுக்குப் பின் கலைந்துவிடும்.

கண்ணி முறை இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்குகிறது. அதன் தத்துவம் எளிது: உரோமத்தை நூலின் மேல் வைக்காது, இரு நூல்களுக்கிடையே வைத்து, அவ்விரண்டையும் சேர்த்து முறுக்குதல். தென்னந் தும்பைத் திரித்துக் கயிறாக்கும் எவரும் இதனை உடனே விளங்கிக்கொள்வர். இரு புரிகள் ஒன்றையொன்று சுற்றும்போது அவற்றிடையே அகப்பட்ட எதுவும் எளிதிற் கழன்று வராது. கயிற்றில் அகப்படுவது புரியின் நீளப்போக்கில் ஓடும் தும்பு. கண்ணியிலோ உரோமம் நூலுக்குக் குறுக்காக வைக்கப்படுகிறது. ஆதலால் முறுக்கும்போது ஒவ்வொரு மயிரும் தன் நடுவிற் பிடியுண்டு, இரு நுனிகளும் வெளியே நிற்க, நூலைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் விரிகிறது. விளைவது கம்பளிப்பூச்சியைப் போன்ற ஒரு புரி. இதே தத்துவத்தில் ஆக்கப்படும் ஆடைநூல் ஒன்றுக்குப் பிரெஞ்சு மொழியில் 'செனில்' என்று பெயர். அச்சொல்லின் பொருளும் கம்பளிப்பூச்சியே. இரு மொழியாளரும் கண்ட உவமை ஒன்றாகவே இருப்பது வியப்புக்குரியதன்று. பொருள்தான் அவ்வுவமையைத் தருகிறது.

செய்முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மேசையோரத்திற் பொருத்திய சிறு வைஸ் ஒன்றில் கொக்கி பிடிக்கப்படுகிறது. அதன் தண்டு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். நூல் தண்டின் மீது சுற்றப்பட்டு, கொக்கி வளையத் தொடங்கும் இடத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. அங்கே, நூலைக் கீழே ஏழெட்டுச் சென்ரிமீற்றர் இழுத்து, ஒரு விரலைச் சுற்றி மேலே கொண்டுவந்து, புறப்பட்ட இடத்திலேயே மீண்டும் கட்டுவர். இப்பொழுது ஒரு கண்ணி தொங்குகிறது. இதன் இரு கால்களும் தண்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்பட்டால் மேற்பகுதி முக்கோணமாக விரிந்தே நிற்கும். எவ்வளவு முறுக்கினும் அவ்விடத்தில் உரோமம் பற்றாது. ஆகவே கட்டும் நூலை இரு கால்களின் அடியைச் சுற்றி இரண்டொரு முறை செலுத்தி அவற்றை ஒரே புள்ளியிற் சேர்த்துவிடுவர். சிறிய செயல்தான், ஆயினும் தொடக்கநிலையிலுள்ளோர் படும் இடர்களிற் பெரும்பகுதி இதனைச் செய்யாமையால் வருவதே. பின்னர்க் கட்டும் நூல் கொக்கியின் கண்ணருகே கொண்டு சென்று நிறுத்தப்படுகிறது. புரி சுற்றி முடிந்து அவ்விடம் வரும்போது அதனைக் கட்ட நூல் அங்கே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

அடுத்து, கண்ணியின் ஒரு காலுக்கேனும் மெழுகு தடவப்படுகிறது. கண்ணியின் அடியிலே முறுக்கும் கருவி மாட்டப்படுகிறது. இரு கால்களையும் விரித்து, அவற்றிடையே உரோமத்தைக் குறுக்காக, ஐதாக, ஒரே சீராகப் பரப்புவர். ஐதாக என்பது ஈண்டு முக்கியமான சொல். ஓரிடத்தில் உரோமம் திரண்டிருந்தால் முறுக்கு அவ்விடத்தை விட்டு மெலிந்த இடத்திற்கு ஓடும். திரண்ட இடம் தளர்ந்தே கிடக்கும். முறுக்கு எப்போதும் எதிர்ப்புக் குறைந்த இடத்தையே நாடும் என்பது நூல் நூற்கும் எவரும் அறிந்த விதி. பரப்பி முடிந்ததும் கால்களைச் சேர்த்துக் கருவியைச் சுழற்றுவர். சிலர் உரோமத்தின் கீழே நூலை விரல்களாற் பற்றி, முறுக்கை அடியிலே சேரவிட்டு, பின்பு விரலை எடுப்பர். சேர்ந்த முறுக்கு ஒரே பாய்ச்சலில் மேலேறி உரோமத்தைச் சுழற்றி விரிக்கும். முறுக்கேற ஏறக் கண்ணி குறுகும். அக்குறுக்கமே முறுக்கின் அளவைக் கைக்கு உணர்த்தும் அளவுகோல். குறைந்தால் உரோமம் உதிரும். மிகுந்தால் நூல் அறும். எத்தனை சுற்று என்று எந்த நூலும் உறுதியாகக் கூறிவிட முடியாது. நூலின் தடிப்பு, உரோமத்தின் வகை, அன்றைய ஈரப்பதன் எனப் பலவற்றைப் பொறுத்தது அது.

முறுக்கப்பட்ட புரியைத் தண்டின் மேற் சுற்றுகையில், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் எழுந்து நிற்கும் மயிரை ஈரவிரலாற் பின்னோக்கி வருடிவிடுவர். இல்லையேல் அடுத்த சுற்று முந்தியதன் மயிரை அமுக்கிவிடும். சுற்றும் செயலே புரிக்கு ஒரு முறுக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதும் கருதத்தக்கது. கருவியைச் சுழற்றிய திசையும் சுற்றும் திசையும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் புரி இறுகும்; மாறுபட்டிருந்தால் சுற்றுந்தோறும் நெகிழும். கடைசியில் முன்னே காத்திருக்கும் நூலாற் புரியைக் கட்டி, எஞ்சியதை வெட்டி, தலையை முடிச்சிட்டு முடிப்பர். வேண்டுமாயின் சிறு தூரிகையாலோ ஊசியாலோ மயிரைக் கிளறிவிடுவர். செப்பமாகச் செய்த பொருளை வேண்டுமென்றே கலைப்பது இத்தொழிலின் விந்தைகளுள் ஒன்று. மனிதக் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுவது மீனின் கண்ணுக்கு உயிரற்றதாகத் தோன்றலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை அவற்றின் எளிமையே அவற்றின் பெருமை. முறுக்கும் கருவி, நுனியில் ஒரு கொக்கியும் அடியில் பித்தளைப் பாரமும் உடைய ஒரு கம்பி. பாரம் இரு பணிகளை ஆற்றுகிறது: நூலை விறைப்பாக வைத்திருப்பதும், ஒருமுறை சுழற்றிவிட்டால் நெடுநேரம் சுழலச் செய்வதும். பஞ்சு நூற்கும் தக்களியை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இது ஒரு குட்டித் தக்களியே. இரு கைகளாக விரிந்த கம்பியையுடைய மற்றொரு வகை, கால்களைத் தானே அகற்றிப் பிடித்துக்கொள்வதால் உரோமம் வைப்பதற்கு வசதியானது; பாரம் இறங்கியதும் கைகள் ஒடுங்கிக் கண்ணியும் மூடிக்கொள்ளும். வெறும் வளைந்த கம்பி போதுமென்று அதனை விரல்களிடையே உருட்டுவோரும் உளர். நீண்ட உரோமத்தை ஒழுங்கு கெடாது வைப்பதற்குக் காகிதம் பிடிக்கும் கவ்வி பயன்படுகிறது: தோலிலிருந்து மயிரைக் கவ்வியாற் பற்றி, அடியை வெட்டி, அவ்வாறே கண்ணியினுள் நுழைத்து முறுக்கினால், பூச்சியின் கால்கள் போல விரியும் கழுத்துப்பட்டி அமையும். நூலையே ஊசியால் இரண்டாகப் பிளந்து, அப்பிளவினுள் உரோமத்தை வைத்து முறுக்குவது மற்றொரு முறை. முறுக்கின்றித் தட்டையாகக் கிடக்கும் நூலில் மட்டுமே இது இயலும். தனியே கண்ணி அமைக்க வேண்டாமையால் உடல் மிகவும் மெலிதாக அமையும்.

இம்முறைகளின் வரலாற்றில் ஜேம்ஸ் லைசன்ரிங் என்பாருக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலன்ரவுண் நகரில் வாழ்ந்த அவர், கருவிகள் ஆக்கும் தொழிலாளி. நீரில் அமிழும் ஈக்களைக் கட்டுவது பற்றிய அவரது நூல், வேர்ணன் ஹிடி என்னும் இளைஞரின் துணையோடு 1941இல் வெளிவந்தது. லைசன்ரிங் கையாண்ட கருவி அவருடைய தொடையே. மெழுகிட்ட பட்டுநூலைக் காற்சட்டையின் மேற் கிடத்தி, அதன்மேல் உரோமத்தைப் பரப்பி, நூலின் மறுபாதியை அதன்மேல் மடித்து, உள்ளங்கையால் ஓர் உருட்டு உருட்டினால் உடல் தயார். அவ்வாறு முன்கூட்டியே ஆக்கிய உடல்களை வெட்டுக்களிட்ட அட்டைகளிற் செருகிச் சேமித்து வைத்தார். பட்டுநூலின் நிறத்தை அவர் உரோமத்தின் நிறத்திற்கு ஈடாகவே மதித்தார். நனைந்த உரோமத்தினூடே உள்ளிருக்கும் நூலின் நிறம் மங்கலாக ஒளிரும். பூச்சியின் தோலினூடே அதன் உள்ளுடல் தோன்றுவது போல. கொற்றன் ஞாயிற்றின் முன் பிடித்துக் கண்ட உண்மையின் தொடர்ச்சியே இது.

லைசன்ரிங்கோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் ஸ்கூஸ் என்னும் ஆங்கில வழக்கறிஞர். மிதக்கும் ஈ ஒன்றே முறையானது என்ற ஹல்போர்டின் கோட்பாடு இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் நீரோடைகளில் கோலோச்சிய காலத்தில், 1910இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அதனை எதிர்த்தவர் அவர். பிடித்த மீனின் இரைப்பையிலிருந்ததை எடுத்து நீரிலிட்டு ஆராய்ந்த அவர், மீன் உண்பது பெரும்பாலும் நீர்ப்பரப்பின் கீழ் வாழும் இளம்பருவப் பூச்சிகளையே என்று காட்டினார். நிம்ப் எனப்படும் அப்பருவத்தைத் தமிழில் அணங்கு எனக் கூறுவதுண்டு. அணங்கு சிறகு விரித்து மேலெழும் இடைநிலையை, நிம்புமாகாது ஈயுமாகாது நிற்கும் அக்கணத்தை, பிற்காலத்தில் ஹிடி 'பிளிம்ப்' என்ற புதுச்சொல்லாற் குறித்தார். அக்கணத்தில் பூச்சியின் உடலைச் சுற்றி வளிப்படலம் மின்னுகிறது. இரு இழைகளுக்கிடையே முறுக்கிய உரோமம் நீரினுள்ளும் நுண்குமிழிகளைப் பற்றி வைத்திருக்கும்; அம்மினுக்கம் அதனாற் கிடைக்கிறது என்பது ஹிடியின் விளக்கம்.

தொடையில் உருட்டும் திறன் எல்லோருக்கும் கைவரவில்லை. அவருடைய நண்பரான டிக் கிளாக் ஒரு சிறு மரக்கட்டையை அமைத்தார். அதில் ஒரு பள்ளம், ஒருமுனையில் ஆணி, மறுமுனையில் நூலைச் செருகும் வெட்டு. நூலைக் கிடத்தி, உரோமத்தைப் பரப்பி, மறுபாதியை மேலே மடித்து, இருமுனைகளையும் பற்றி முறுக்கினாற் போதும். தொடைக்குப் பதிலாகக் கட்டை வந்தது. ஆயினும் உரோமத்தை எவ்வளவு ஐதாகப் பரப்புவது என்பதைக் கட்டை கற்பிக்கவில்லை. கருவி கையின் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. எஞ்சிய பகுதி என்றும் கையிடமே இருக்கிறது. தொழில்நுட்ப வரலாற்றில் பலகாலும் காணப்படும் இவ்வுண்மை, இங்கு மிகச் சிறிய அளவிலே, ஆகவே மிகத் தெளிவாக, வெளிப்படுகிறது.

அறிவைப் பகிர்தலும் மறைத்தலும் இத்தொழிலிலும் எழுந்த பிரச்சினையே. டெவன் பகுதியில் ரிவேர்ட்டன் என்னும் ஊரில் வாழ்ந்த ஒஸ்ரின் என்பவர் ஒரு சிறந்த ஈயைக் கட்டினார். ஆட்டுக்கடாவின் உடலில் ஒரு மறைவிடத்து மயிரே அதன் உடலுக்குரிய கலவையின் சிறப்புப் பொருள்; இயற்கையான நெய்ப்பசை அதில் உண்டு. ஸ்கூஸ் அதற்குக் கடாவைச் சுட்டும் பெயரொன்றைச் சூட்டினார். கலவையின் விவரம் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது. ஒஸ்ரினுக்குப் பின் அவர் மகள் அவ்வீக்களைக் கட்டி விற்று வந்தார். அவருடைய பிழைப்பைக் கருதி, இரகசியத்தை அறிந்திருந்த ஸ்கூஸும் பிற்காலம்வரை அதனை வெளியிடவில்லை. அறிவு யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது எளிய முழக்கம். அவ்வறிவு ஒருவரின் அன்றாட உணவாக இருக்கும்போது அம்முழக்கம் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. நாட்டு மருத்துவக் குடும்பங்களின் ஏடுகளைப் பற்றிப் பேசும்போதும் இதே நெருக்கடி எழுவதைக் காணலாம். ஸ்கூஸ் காத்திருந்தார்; பின்னரே வெளியிட்டார். இரு அறங்களுக்கும் இடையே அவர் கண்ட வழி அது.

பொருள்களின் வழியாகவும் உலகம் இத்தொழிலினுள் நுழைந்தது. சமன் ஈக்களின் உடலுக்குக் கடல்நாய் உரோமமே தலைசிறந்ததாகக் கருதப்பட்டது. விறைப்பும் பளபளப்பும் அதற்கு உண்டு. ஆனால் அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், கடல்நாய்க் குட்டிகளின் தோலுக்கு ஐரோப்பியச் சமூகம் 1983இல் விதித்த தடையும் அதன் வரவைக் குறைத்தன. அங்கோரா ஆட்டின் மயிரும் செயற்கை இழைகளும் அதன் இடத்திற்கு வந்தன. ஒற்றை நூலிற் பற்றாத வழுக்கிழைகளையும் கண்ணி பற்றிக்கொள்ளுமாதலால், பழைய முறையே புதிய பொருளுக்கும் கைகொடுத்தது. சுவிற்சர்லாந்தில், வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்த மெல்லிறகுகளைக் கொண்டு ஈக் கட்டும் மரபு 1920களிலேயே இருந்தது. பிற்காலத்தில் அந்நாட்டவரான மார்க் பெற்றிஜான் அவ்விறகின் தூவிகளைக் கவ்வியாற் பற்றிக் கண்ணியில் முறுக்கும் கருவியை அமைத்து அம்மரபை உலகெங்கும் பரப்பினார். இன்று நூலுக்குப் பதிலாக இரு மெல்லிய கம்பிகளிடையே உரோமத்தை முறுக்கிய ஆயத்தப் புரிகள் கடைகளிற் கிடைக்கின்றன. வாங்கியவர் சுற்றினாற் போதும். முறுக்கின் அளவை அறிய வேண்டுவதில்லை.

இவ்விடத்தில், இவற்றைக் கட்டுவோர் யார் என்ற வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது. இதுவரை பேசப்பட்டோருட் பெரும்பாலோர் நூல் எழுதியவர்கள். ஆகவே பெயர் பெற்றவர்கள். ஆனால் பயன்பாட்டில் உள்ள ஈக்களுள் மிகப் பெருந்தொகையானவை பெயரறியாக் கைகளாற் கட்டப்பட்டவை. ஸ்கொட்லாந்தின் வடபகுதியில் புரோறா என்னும் ஊருக்கு அண்மையில் வாழ்ந்த மேகன் போய்ட் விதிவிலக்கு. மின்சாரமில்லாத சிறு குடிலில், சாளரத்தின் ஒளியிலே, பல்லாண்டுகள் சமன் ஈக்களைக் கட்டிய அப்பெண்மணிக்கு 1971இல் பிரித்தானியப் பேரரசுப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் தாமே மீன்பிடித்தவர் அல்லர். தம் கைப்பொருளாற் சமன் கொல்லப்படுவதை விரும்பியவருமல்லர். 2001இல் அவர் மறைந்தபோது உலகின் பெரிய பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின.

ஆனால் கென்யாவிலும் தாய்லாந்திலும் இலங்கையிலும் தொழிற்கூடங்களில் வரிசையாக அமர்ந்து, ஏற்றுமதிக்கென நாளொன்றுக்குப் பல டசின் ஈக்களைக் கட்டி வந்துள்ள ஆண்களையும் பெண்களையும் பற்றி அவ்வாறு எழுதப்படுவதில்லை. முயல்மயிரை எவ்வளவு ஐதாகப் பரப்புவது, நூல் அறுவதற்கு முந்திய முறுக்கு எது என்பன அவர்களின் விரல்களுக்குத் தெரியும். அவர்களுட் பலர் அவ்வீ மிதக்கப்போகும் ஆற்றைக் கண்டதில்லை. அதனை விழுங்கப்போகும் மீனையும் கண்டதில்லை. ஈயின் பெயரோடு அதனை முதலில் வகுத்தவரின் பெயர் செல்லும்; கட்டியவரின் பெயர் செல்லாது.

இலங்கைக்கும் ட்ரவுட்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் தம் நாட்டு ஓய்வுநேர இன்பத்தை நாடி ட்ரவுட்டை நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். பின்னர்க் கொணரப்பட்ட வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளியில் நிலைகொண்டது. அக்காலத்திலேயே அம்மலைச் சரிவுகளிற் காப்பி அழிந்து தேயிலை பரவிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயன் அறைகளில் வாழ்ந்து கொழுந்து கிள்ளினர். துரைமார் தூண்டிலிட்ட ஓடை தொழிலாளருக்கு உரியதாக இருக்கவில்லை. கொழுந்து கிள்ளுவதும் ஈ கட்டுவதும் விரல்நுனியின் தொழில்களே. இரண்டிலும் விரலின் அறிவு 'மலிவான கூலி' என்ற பெயரால் மட்டுமே உலகச் சந்தையிற் கணக்கிடப்பட்டது.

பல்கலைக்கழகங்களில் அறிவு என்று மதிக்கப்படுவது பெரும்பாலும் சொல்லாகவும் சூத்திரமாகவும் மாறக்கூடியது. அவ்வாறு மாறாத அறிவைப் பழக்கம் என்றும் கைவாகு என்றும் கூறி ஒதுக்குவது எளிது. இரு இழைகளுக்கிடையே உரோமத்தைப் பரப்பும் விரல், எதிர்ப்புக் குறைந்த இடத்தை நாடும் முறுக்கின் விதியை அறிந்திருக்கிறது. மீனின் கண்ணுக்கு ஒளி எவ்வாறு சேரும் என்பதை அறிந்திருக்கிறது. பொருளின் வலு எங்கு முடியும் என்பதை அறிந்திருக்கிறது. லைசன்ரிங்கின் அறிவு நூலானமைக்குக் காரணம், அதனைக் கேட்டு எழுத ஒரு ஹிடி அருகில் இருந்தமையே. கருவி ஆக்கும் தொழிலாளி ஒருவர் தம் தொடையிற் கண்ட முறை அதனால்தான் இன்றும் பயிலப்படுகிறது. அத்தகைய ஒருவர் அருகில் அமர்ந்து கேளாத காரணத்தால் அழிந்த கைமுறைகள் எத்தனை என்று கணக்கிட வழியில்லை. கயிறு திரிப்போர், பாய் இழைப்போர், வலை பொத்துவோர், கொழுந்து கிள்ளுவோர் யாவரிடமும் எழுதப்படாத நூல்கள் இருக்கின்றன. தாளும் எழுதுகோலும் உடையவர்கள் அவர்களிடம் சென்று அமர்வார்களா என்பதே எஞ்சி நிற்கும் வினா.